எங்கே போகிறாய் என்று கேட்ட நாள்

அன்பான சகோதரங்களே, என் மகள் ஸ்ரெலா வாய் திறந்து ஒரு சொல்லாவது சொல்லமாட்டாளா என்று நான் மாதாவின் காலைப் பிடித்துக் கதறிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அவள் வாயை மூட வைக்கத்தான் மன்றாட வேண்டியிருக்கிறது. மாதா நான் கேட்டதைத் தந்தார். கொஞ்சம் கூடவே தந்துவிட்டார்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் கடல் தொழில் செய்கிற குடும்பம். ஸ்ரெலாவுக்கு ஏழு வயது. நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு, படகு இழுக்கிற இடத்தில் விழுந்து முழங்காலுக்குக் கீழே காயப்பட்டாள். சின்னக் காயம்தானே என்று மருந்து கட்டினோம். மேலே காய்ந்தது, உள்ளே வீங்கியது, காய்ச்சல் விடவில்லை. வவுனியாவில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டது, இரண்டு முறை வெட்டிக் கழுவ வேண்டும் என்றார்கள்.

முதலாவது ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மயக்கம் தெளிந்த நேரத்திலிருந்து பிள்ளை ஒன்றும் பேசவில்லை. யார் கிட்டப் போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் குழைத்து ஊட்டிய சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து பிறகு துப்பினாள். நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு போனாள்.

"உடம்பிலை தெம்பு வரவேணும் அம்மா. இப்பிடியே கிடந்தா மற்ற ஒப்பரேசனுக்கு மயக்க மருந்து குடுக்கேலாது. பிந்தினா காலுக்கு ஆபத்து" என்றார் டொக்டர்.

நான் வாட்டு விறாந்தையின் மூலையில் செபமாலையோடு இருந்தேன். செபம் என்று சொல்வது பொய். மாதாவோடு சண்டை பிடித்தேன். "நீங்களும் ஒரு தாய்தானே, உங்கடை பிள்ளை பட்ட வேதனையைப் பாத்தனீங்கள்தானே, பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? என்ரை பிள்ளையின்ரை வாயைத் திறவுங்கோ" என்று கேட்டேன். அது தவக்காலம் தொடங்கிய கிழமை. உபவாசம் என்று தனியாக ஒன்று எனக்குத் தேவைப்படவில்லை, சாப்பாடு தானாகவே இறங்கவில்லை.

அப்போதுதான் நேர்ஸ் பிள்ளை ஒருத்தி வந்து, பிள்ளைகளின் மனதைப் பார்க்கிற மிஸ் ஒருவர் இங்கே இருக்கிறார், காட்டுவோமா என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்.

"என்ரை பிள்ளைக்கு விசரில்லை!"

அவள் சிரித்தாள். "விசருக்கில்லை அக்கா, பயத்துக்கு."

அந்த அறையை இன்றைக்கும் கண்ணை மூடினால் காண்பேன். வாட்டின் கடைசியில் சின்ன அறை. கதிரை கிடையாது, பாய்தான். சுவரெல்லாம் பிள்ளைகள் கீறிய படம். கலர்ப் பென்சிலும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த ஒரு மணம். மிஸ் கனகராயன்குளத்துக்காரி, வயல் செய்கிற சைவக் குடும்பம். கடலில் கால் நனைக்காத பிள்ளை. ஆண்டவர் பார்த்துத்தான் அவரை அனுப்பினார் என்று பிறகுதான் விளங்கியது.

முதல் நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரெலா குந்தியிருப்பாள், மிஸ்ஸும் பக்கத்தில் குந்தியிருப்பார். பேசு என்று வற்புறுத்தவே இல்லை. இதற்கா சம்பளம் என்று மனதுக்குள் புறுபுறுத்தேன்.

ஒருநாள் மிஸ் ஒரு பேசினில் தண்ணீர் வைத்தார். ஸ்ரெலா ஒரு சவர்க்காரப் பெட்டியை எடுத்தாள். ஒரு பொம்மையின் காலில் துணி சுற்றி அதற்குள் படுக்க வைத்து, தண்ணீரில் தள்ளிவிட்டாள். மற்றப் பொம்மைகளைக் கரையில் வரிசையாக இருத்தி, ஒவ்வொன்றின் வாயையும் விரலால் பொத்தினாள்.

பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கரையில் தொழிலுக்கு இறங்குகிறவரிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தடங்கல். பேசாமல் நின்று அனுப்புவதுதான் அவருக்குக் காவல். முதல் ஒப்பரேசனுக்கும் ஸ்ரெலாவை நாங்கள் அப்படித்தான் அனுப்பினோம். பக்கத்துக் கட்டில்காரி எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டதற்கு என் மனுசன் அவளை எரிப்பதுபோலப் பார்த்தார். பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லாமல் இரண்டு பேரும் சிலைபோல நின்றோம்.

மிஸ்ஸுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சவர்க்காரப் பெட்டியைக் குனிந்து பார்த்துக் கேட்டுவிட்டார்.

"எங்கை போறாய் பிள்ளை? எப்ப வருவாய்?"

"அப்பிடிக் கேக்கக்கூடாது!"

சொன்னது நான் இல்லை. ஸ்ரெலா. குரல் கரகரத்திருந்தது. நான் ஓடிப்போய் அள்ளி எடுக்க எழும்பினேன், மிஸ் கையால் இருக்கச் சொன்னார்.

"ஏனம்மா கேக்கக்கூடாது?"

"கேட்டாத் திரும்பி வரமாட்டினம்."

"கேக்காட்டி வருவினமோ?"

பிள்ளை சவர்க்காரப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மாமாவை ஒருத்தரும் கேக்கேல்லை. அவர் வரேல்லை. என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மாமா என்றது என் தம்பியை. அதற்கு முந்தின வருசம் தொழிலுக்குப் போனவன். அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. அவன் போகும்போது ஸ்ரெலா முற்றத்தில் நின்று எங்கள் எல்லோருடைய மௌனத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்தப் பாயில் விழுந்து அழுதேன். தம்பிக்காக அழுதேனா, பிள்ளை பேசிவிட்டாள் என்று அழுதேனா, எனக்கே தெரியாது.

அதன்பிறகு அந்த அறை கலகலப்பாகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கிற மாஸ்க்கைப் பொம்மைக்குப் போட்டு, இப்படி நித்திரை வரும், இப்படி முழிப்பு வரும் என்று மிஸ் விளையாடிக் காட்டினார். ஸ்ரெலா பொம்மைக்கு ஊசி போட்டாள், மிஸ்ஸுக்குப் போட்டாள், கரையிலிருந்து மீன் மணத்தோடு வந்த தகப்பனையும் விடவில்லை. ஒருநாள் பாணும் சம்பலும் வேண்டும் என்று கேட்டாள். நான் கன்ரீனுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாட்டே சிரித்தது.

உடம்பு தேறியதும் நாள் குறித்தார்கள். மிஸ் எங்களைக் கூப்பிட்டார்.

"பிள்ளையை ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போகேக்கை, எங்கை போறாய் எண்டு நீங்கள் கேக்கவேணும் அண்ணை. அப்பா கேட்டாத்தான் அவ நம்புவா."

"என்ரை வாயாலையோ?" என்றார் என் மனுசன். புயலுக்குள் படகை விடச் சொல்லியிருந்தால் யோசிக்காமல் விட்டிருப்பார்.

முதலில் பிள்ளையின் வாய்க்காக மன்றாடிய நான், இப்போது தகப்பனின் வாய்க்காக மன்றாடினேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தள்ளுவண்டி வந்தது. பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு போனாள். அவர் பக்கத்தில் நடந்தார், இன்னும் கேட்கவில்லை. தியேட்டர்க் கதவும் வந்துவிட்டது. மாதாவே, இப்போது, இப்போது என்று நான் செபமாலையை இறுக்கிப் பிடித்தேன்.

"எங்கை... எங்கை போறாய் குஞ்சு?"

"தியேட்டருக்கு."

"எப்ப வருவாய்?"

"நித்திரை முறிஞ்ச உடனை."

"ஓம். வா. அப்பா இதிலைதான் நிப்பன்."

கதவு மூடியது. நான் கதிரை இழுத்துக் கொடுத்தும் அவர் இருக்கவில்லை, சொன்னபடி நின்றார். பிள்ளையை வெளியே கொண்டு வந்தபோது அவள் பாதிக் கண்ணைத் திறந்து, "அப்பா, வந்திட்டன்" என்றாள். உயிர்த்த ஞாயிறு நாங்கள் வீட்டில் கொண்டாடினோம்.

ஸ்ரெலா இப்போது என்னைவிட உயரம். மிஸ் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், அவருக்காகச் செபிக்காமல் நான் படுப்பதில்லை. பஸ் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது கழுத்தை வளைத்து அந்த அறை ஜன்னலைத் தேடுவேன். அந்த வேதனை நாட்கள் யாருக்கு வேண்டும்? ஆனாலும் அந்தப் பாயில் இன்னும் ஒருதரம் இருந்து, மிஸ்ஸும் பிள்ளையும் சிரிக்கிறதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல் சுருண்டு கிடந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள், சண்டை பிடித்தாவது சொல்லுங்கள். அப்படியான மிஸ் ஒருவரிடம் கொண்டுபோகவும் வெட்கப்படாதீர்கள். ஆண்டவர் எனக்கு உதவி அனுப்பிய வழி அதுதான்.

ஸ்ரெலா விடியப்புறம் எழும்பி, தகப்பன் தொழிலுக்கு இறங்கும்போது அந்தக் கேள்வியைக் கரையே கேட்கக் கத்திக் கேட்பாள். அவரும் பதில் சொல்லிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார். போன மாதம் அவள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போயிருந்தாள். இவர் தண்ணீருக்குள் காலை வைத்தபடி படகைத் தள்ளாமல் நின்றார்.

"என்னப்பா, ஏன் நிக்கிறியள்?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்காத கேள்வியை அன்றைக்கு நான் கேட்டேன்.

"வெயில் ஏற முந்தி வந்திடுவன்" என்றார். வந்தார். ஆண்டவருக்கு நன்றி.