பையப் போகும் ரயில்

தேர்தலில் ஜெயித்தது என் மனைவி. மாலை விழுந்தது என் கழுத்தில்.

திருநெல்வேலியில் வாக்கு எண்ணிய கல்லூரியின் வாசல் அது. அவள் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ஆள் உயர ரோஜா மாலையை எனக்குப் போட்டு, "எம்.பி. அண்ணாச்சி வாழ்க!" என்று கத்தினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பஞ்சாயத்துத் தலைவியாக ஜெயித்தால், மறுநாளே அவள் வீட்டுக்காரருக்குத் 'தலைவர்' என்று பெயர் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அவர் பேருக்கு வரும், திறப்பு விழாவில் கத்தரிக்கோல் அவர் கைக்குப் போகும். அந்தப் பழக்கதோஷம் பாராளுமன்றம் வரைக்கும் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

நான் பதறிப்போய் மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். "என்ன வே, மறுபடியும் கல்யாணமா?" என்று எவனோ பின்னாலிருந்து கேட்க, வாசலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என் காதுப் பக்கம் வந்து, "மாலைய வாங்கிக்கிட்டிய, சரி. ரயில நிறுத்தப் போறது யாரு? நீங்களா?" என்றாள்.

ரயில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவே போகிற பாதையில் எங்கள் ஊர் ஒரு சின்ன ஸ்டேஷன். பாதையை அகலமாக்குவதற்கு முன்பு எல்லா ரயிலும் நின்றுதான் போகும். இப்போது விடியக்காலை வண்டி நிற்கும், இருட்டுகிற நேரத்து வண்டி நிற்கும். காலேஜுக்கும் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோதான நேரத்தில் வருகிற எக்ஸ்பிரஸ் மட்டும் நிற்காது. ஆனால் ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவு இருப்பதால் வேகமாகவும் போகாது. ஜன்னலில் இருக்கிறவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்துச் சொல்லலாம், அவ்வளவு பையப் போகும்.

பைய என்றால் மெல்ல. எங்கள் பக்கத்தில் மெல்ல, மெதுவாக என்றெல்லாம் பேச்சில் வராது. குழந்தை ஓடினால் பையப் போ, காப்பி கொதித்தால் பையக் குடி, கோபம் வந்தால் பையப் பேசு. இந்தச் சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

பாளையங்கோட்டையில் படிக்கிற எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள், ஒன்று விடியக்காலை வண்டியில் போய்ப் பூட்டின காலேஜ் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லை பஸ் மாறி பஸ் மாறி முதல் வகுப்பு முடிந்தபின் போய்ச் சேர வேண்டும். இதைச் சொல்லியே படிப்பை நிறுத்திவிட்ட அப்பன்மார்கள் உண்டு. பிரச்சாரத்தின்போது எங்கள் பிள்ளையார் கோவில் முக்கில் ஒரு அம்மாள் ஜீப்பை மறித்துக்கொண்டு, "ஓட்டு கேட்டு வாரவங்க எல்லாரும் ரயில நிறுத்துதேன்னுதான் சொல்லுதாங்க. ரயிலுதான் கேக்க மாட்டேங்கு" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

என் மனைவி அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவள். எதிர்த்தரப்பு சிரித்தால் அவளுக்குப் பொறுக்காது. மைக்கை வாங்கி, "இந்த அஞ்சு வருசத்துக்குள்ள அந்த ரயிலு நம்ம ஊருல நிக்கலன்னா, அடுத்த எலெக்ஷன்ல நானும் நிக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டாள். கைத்தட்டல் ஓயவே இல்லை. ஜீப்பில் இருந்த கட்சிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. வார்டு உறுப்பினராக ஆரம்பித்து, பேரூராட்சித் தலைவியாகி, இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி வளர்த்த அரசியலை ஒரே வாக்கியத்தில் தண்டவாளத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாளே என்று எனக்கு இருந்தது.

அவள் டெல்லிக்குப் போனாள். நான் ஊரில் என் பலசரக்குக் கடையைப் பார்த்துக்கொண்டேன். அவள் வருகிற நாட்களில் கடைக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டா, பென்ஷன், பாலம், மகன் வேலை, மருமகள் சண்டை என்று மனுவோடு ஆட்கள் மிளகாய் மூட்டை மேலெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். மனைவியை ஊர் முன்னால் எங்கள் வழக்கப்படி 'ஏளா', அதாவது 'அடியே' என்று கூப்பிடக் கூடாது, 'அம்மா' என்றுதான் சொல்ல வேண்டும் என்று கட்சியில் ஒருவர் எனக்கு வகுப்பு எடுத்தார். கட்டின பெண்டாட்டியை அம்மா என்று எப்படிக் கூப்பிடுவது? அதனால் பொது இடத்தில் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

எதிர்க்கடை இரும்புக்கடைக்காரருக்கு என்னைச் சீண்டாவிட்டால் சாப்பாடு இறங்காது. அரசியல்வாதிக்குப் பின்னாலேயே அலைகிறவனைப் பை தூக்குகிறவன் என்று சொல்வார்கள் அல்லவா, அதை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, எப்பம் டெல்லிக்குப் பை தூக்கப் போறிய?" என்று தினமும் கேட்பார். "தூக்குதேன் வே. என் பொண்டாட்டி பைய நான் தூக்குதேன். உமக்கு எங்க வலிக்கு?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். கடைக்கு வந்திருந்தவர்கள் சாமானை வாங்காமல் வேடிக்கை பார்த்தார்கள்.

ரயிலுக்காக அவள் எழுதாத கடிதம் இல்லை, பார்க்காத அதிகாரி இல்லை. பரிசீலிக்கிறோம் என்ற பதில் மட்டும் தவறாமல் வரும். வருஷங்கள் ஓடின. கடைசியில், அவசரப் பிரச்சினைகளைப் பேசுகிற பூஜ்ஜிய நேரத்துக்கான குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. கிடைக்கப்போவது ஒரு சில நிமிஷம். "நீங்க வாங்க. எனக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்று போன் செய்தாள். நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொதியையும் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு ஓடினேன்.

அவள் தங்கியிருந்த வீட்டில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தாள். வக்கீல் இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும், "எங்க ஊரு ரயில எங்க ஊரு பேச்சுலதான் கேப்பேன்" என்று நின்றாள். அவையில் யார் எந்த மொழியில் பேசினாலும் மொழிபெயர்ப்பாளர்கள் உடனுக்குடன் மாற்றிச் சொல்வார்கள், மற்றவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பார்கள். அவள் வாய் திறந்தால் மழை கொட்டுகிற வேகம் என்பதால் நான், "ஏளா, பையப் பேசு, பையப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சொல்லை அவள் நாக்கில் ஏற்றிவிட்டதே நான்தானோ என்னவோ.

பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது, கையசைக்கக் கூடாது, மூச்சுக்கூட அளந்துதான் விட வேண்டும். உயரமான ஒரு காவலர் எனக்குப் பின்னாலேயே நின்றார். நானும் கருவியை மாட்டிக்கொண்டேன். சபாநாயகர் அவள் பெயரைச் சொன்னதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டிருக்கும். கீழே இத்தனை பேருக்கு நடுவே எழுந்து நிற்கிறது, காலையில் என்னோடு இட்லி சாப்பிட்ட பெண்.

முதலில் நல்ல எழுத்துத் தமிழில் அழகாகத்தான் ஆரம்பித்தாள். பிள்ளைகள் பூட்டின கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதைச் சொல்லும்போது சூடு ஏறிவிட்டது. சூடு ஏறினால் தாமிரபரணித் தண்ணீர் தானாக வெளியே வரும். "எங்க ஊரு வந்ததும் ரயிலு பையப் போவுது. பையப் போனா மட்டும் போதுமா? நிக்க வேண்டாமா?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு எங்கள் பக்கம் பழக்கமில்லை போலிருக்கிறது. என் காதில் இங்கிலீஷில் இப்படி வந்து விழுந்தது: "எங்கள் ஊரிலிருந்து ரயிலில் பை போகிறது. பை மட்டும் போனால் போதுமா?"

அவையில் பல தலைகள் நிமிர்ந்தன. ரயில்வே மந்திரி எழுந்து, உறுப்பினரின் பை ரயிலில் தொலைந்துபோயிருந்தால் விவரம் கொடுக்கட்டும், தேடிக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அது அவள் காதுக்கு வந்ததும் அவள் திகைத்தாள், பிறகு கொதித்தாள். "பை இல்லங்கய்யா! பைய! பைய!" என்றாள்.

என் காதில், "பை இல்லை. பை, பை" என்று வந்தது.

சபை சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளின் படிப்பும் இவளுடைய வாக்கும் ஒரு மஞ்சப்பைக்குள் போய் மாட்டிக்கொண்டதே! "ஏளா, மெதுவான்னு சொல்லு!" என்று கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டு பாதி எழுந்தேவிட்டேன். தோளில் காவலரின் கை விழுந்தது. அவர் சொன்ன இந்தி புரியவில்லை, கையின் கனம் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

கீழே அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வீட்டில் அவள் அப்படிச் செருகினால் நானும் பிள்ளைகளும் வெளியே போய்விடுவோம். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது எங்க ஊரு" என்றாள். வலது கையை நீட்டி, "இது ஒங்க ரயிலு" என்றாள். கை மேஜை மேல் நகர ஆரம்பித்தது. "பைய... பைய... பைய..." அவை முழுக்க அந்தக் கையையே பார்த்தது. கை கூட்டுக்குப் பக்கத்தில் வந்தது, உரசிக்கொண்டு தாண்டிப் போனது. "போயிட்டு" என்றாள். பிறகு கையை மறுபடி ஆரம்பத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வந்து, கூட்டுக்கு முன்னால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினாள். "இங்கன நிக்கணும்!"

மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. யாரோ ஒரு வடக்கத்தி உறுப்பினர் முதலில் மேஜையைத் தட்டினார், பிறகு அந்த வரிசை, பிறகு எதிர் வரிசை. "பைய, பைய" என்று கையை நகர்த்திக் காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மந்திரி சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு, நேரில் வந்து பாருங்கள் என்றார். எனக்குக் கைதட்ட முடியாத கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. கடைக்கு வருகிறவன் எல்லாம், "அண்ணாச்சி, பையக் குடுங்க" என்று கேட்டுவிட்டு இளித்தான். என் மனைவிக்குப் 'பை எம்.பி.' என்று பெயர் வைத்தார்கள். நான் ஆத்திரத்தோடு அவளுக்குப் போன் செய்தேன். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. இப்பம் நம்ம ஊரு ரயில தெரியாத ஆளு டெல்லியில கிடையாது" என்றாள்.

ஆனாலும் உத்தரவு வரவில்லை. கோப்பும் பையத்தான் போனது. அடுத்த தேர்தல் நெருங்கி, கட்சியில் விருப்ப மனு வாங்க ஆரம்பித்தார்கள். மனு கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்தே போன் வந்தது. "ரயிலு நிக்கட்டும், பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். அவள் அரசியலை விட்டுவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் மேஜையில் அந்தக் கை தட்டியதைப் பார்த்தபிறகு, அவள் நிற்காமல் போனால் நான் தாங்க மாட்டேன் என்று ஆகிவிட்டது.

மனு வாங்குவதற்குக் கடைசி நாள் நெருங்கியபோது உத்தரவு வந்தது. சோதனை முறையில் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நின்று போகும்.

முதல் நாள், தென்காசியில் ஏறி அதே ரயிலில் வருவதாக அவள் ஏற்பாடு. எங்கள் ஸ்டேஷன் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. யார் கிளப்பிவிட்ட யோசனையோ, பெண்கள் அத்தனை பேர் கையிலும் மஞ்சப்பை. வளைவில் எஞ்சின் தலை தெரிந்ததும் பைகள் எல்லாம் மேலே பறந்தன. ரயில் பைய வந்தது. பெயர்ப்பலகையைத் தாண்டியது. என்னையும் தாண்டியது. மேலே போன பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வழக்கம்போலப் போய்விடுமோ? ஒரு பெட்டி போனது, இன்னொரு பெட்டி போனது. பிறகு சக்கரங்கள் கிறீச்சிட்டன.

"நின்னுட்டு!" என்று கத்தினேன். "நின்னுட்டு வே!" என்று பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து உலுக்கினேன். உலுக்கிய பிறகுதான் அவர் இரும்புக்கடைக்காரர் என்று தெரிந்தது. அவர் கண்ணிலும் தண்ணீர்.

அன்றைக்கு எனக்கு மாலை போட்ட அதே ஆள், அதே மாதிரி ஆள் உயர மாலையோடு என்னை நோக்கி வந்தார். நான் ஒதுங்குவதற்கு முன்பே, "தள்ளுங்க அண்ணாச்சி" என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவள் நின்ற பெட்டியைப் பார்த்து ஓடினார். என்னைத் தள்ளிவிட்ட ஒருவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது அன்று மட்டும்தான்.

படிக்கட்டுக்கும் எங்கள் பிளாட்பாரத்துக்கும் நல்ல இறக்கம். அவள் கழுத்தில் மாலையும் கையில் பையுமாக வாசலில் நின்று கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டதும் கையை நீட்டி, "பையப் பிடிங்க" என்றாள்.

பையைப் பிடிக்கச் சொன்னாளா, அவளைப் பையப் பிடிக்கச் சொன்னாளா? நான் இடது கையில் பையை வாங்கிக்கொண்டேன், வலது கையில் அவள் கையைப் பிடித்துப் பைய இறக்கினேன். கீழே கால் வைத்ததும் அவள் திரும்பி, நின்றுகொண்டிருந்த ரயிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்பம் நான் நிக்கலாம்லா?" என்று கேட்டாள்.

கட்சிக்காரர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஊர் மொத்தமும் இருந்தது.

"ஏளா, நில்லுளா!" என்றேன்.