கோமதி டீச்சரும் அட்டையின் கடைசி வரியும்

கேன்டீனில் முதல் பால் பொங்கும் நேரத்தில் என் போனில் அந்தச் செய்தி வந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "கோமதி மேம்" என்பது பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பெயரை நான் பல முறை எழுதிப் பழகியிருக்கிறேன். அடுத்து "இன்று". அதற்கு அடுத்து "அதிகாலை". ஊருக்கு எங்கேயோ கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தபடியே கடைசிச் சொல்லைக் கூட்டினேன். கா, ல, மா, னா, ர்.

மற்றவர்களுக்குத் துக்கச் செய்தி ஒரே அடியாக வந்து விழும். எனக்கு ஒவ்வோர் எழுத்தாக வந்தது. கடைசி எழுத்து வரும் வரைக்கும் அவர் உயிரோடுதான் இருந்தார். நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவுச் செய்தி அது. பால் பொங்கி வழிந்துவிட்டது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கல்லூரியில் அவர் புள்ளியியல் சொல்லித் தந்தார். ஐம்பது வயது நிறையவில்லை. மாரடைப்பு. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அவரைத் தெரியாதவர்களும் படிக்கிற மாதிரி எழுதித் தரும்படி மாணவர்கள் கேட்டார்கள். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். துக்கத்தை எழுதும்போதும் எழுதுவது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. டீச்சர் இதைத் தவறாக நினைக்கமாட்டார்.

நான் போர்வெல் ரிக் லாரியில் சமையல்காரனாக நாடு முழுக்கச் சுற்றியவன். எத்தனையோ மாநிலங்களின் போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லா மொழியும் எனக்கு ஒன்றுதான், எதையும் படிக்கத் தெரியாது. உடம்பு தளர்ந்த பிறகு இந்தக் கேன்டீனில் டீ போட வந்தேன்.

டீச்சரை நான் கவனித்தது ஒரு மாரியம்மன் பண்டிகையில். கல்லூரி வாசலில் மாணவர்கள் மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். அதற்குத் தலைவன் மெக்கானிக்கல் படித்த கார்த்தி. டீச்சர் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கார்த்தி, நாம இந்தப் பந்தல் போடலைன்னா என்ன ஆகும்?"

"சனங்க தாகத்துல கெடப்பாங்க மேம்."

"பக்கத்துப் பந்தல் எவ்வளவு தூரம்?"

அவன் பார்த்தான். கூப்பிடு தூரத்தில் ஒன்று இருந்தது. அதற்கு அடுத்து இன்னொன்று.

"அப்ப மோரு ஊத்த வேண்டாங்களா மேம்?" முகம் சுண்டிப்போய்க் கேட்டான்.

"எனக்கு இன்னொரு டம்ளர் ஊத்து. மோர் நல்லா இருக்குது. ஆனா கேள்விக்குப் பதில் வரலை."

மோர் ஊற்றுகிற பையனிடம் இப்படிக் கேட்பவர் என்ன மனுஷி என்று எனக்குக் கோபம். "ஏனுங்க டீச்சர், புண்ணியத்துக்குமா பரீட்சை வெப்பீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "அதுக்குத்தானுங்கய்யா மொதல்ல வெக்கோணும்," என்றார்.

அடுத்த வாரம் கார்த்தி பதிலோடு வரவில்லை. கூட்டாளிகளோடு வந்தான். அப்படித்தான் கேன்டீனின் பின்பெஞ்சில் புதன்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. செய்கிற உதவி உண்மையில் பயன்படுகிறதா, அதே உழைப்பை வேறெங்காவது போட்டால் இன்னும் நிறையப் பேருக்கு ஆகுமா என்று தேடிப் பார்த்துச் செய்வதுதான் அவர்கள் வேலை. இப்படிக் கூடுகிற மாணவர்கள் உலகத்தில் பல கல்லூரிகளில் இருக்கிறார்களாம். இங்கிலீஷில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. என் வாயில் அது நுழையவில்லை என்றதும் கார்த்தி தமிழில் "பயனறிந்து உதவுதல்" என்று வைத்துக்கொடுத்தான்.

வாரம் ஒருவர் எதையாவது படித்துவிட்டு வந்து சொல்வார். மற்றவர்கள் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை தரலாம் என்றாள் ஒருத்தி. "அத கவர்மென்டே தருதே. நாம போகலைன்னா என்ன ஆகும்?" என்று நாலு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. டீச்சர் கேட்க வேண்டியே வரவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

பிறகு, மல்லசமுத்திரம் பக்கத்துத் தறிப் பட்டறைகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவது என்று முடிவு செய்தார்கள். சொல்லித் தரும் விதம் சரியா என்று பார்க்க முதல் ஆளாக என்னைப் பிடித்தார்கள். இயற்பியல் படித்த தரணி எனக்கு வாத்தியார். பல நாள் போராடினாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. "மண்டையில களிமண்ணு சாமி, உட்று," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று டீச்சர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நான் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தேன். எழுந்து வந்து, தம் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார்.

முதலில் நான் பார்த்தது எழுத்தை அல்ல. மேசையில் திறந்திருந்த சர்க்கரை டப்பாவை.

"டீச்சர், சர்க்கரையெல்லாம் எறும்புங்க."

"எங்களுக்கு எப்பவோ தெரியுங்கய்யா."

"அப்ப இத்தன நாளா எறும்போடயா டீ போட்டேன்?"

"நாங்களும் எறும்போடதான் குடிச்சோம் தாத்தா," என்றாள் தரணி. அப்புறம்தான் குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். "அ" என்ற எழுத்துக்குச் சுழி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தின் திட்டம் அந்தப் பெஞ்சிலேயே மாறியது. நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். தறியில் அறுந்த இழையைப் பிடிக்க முடியாத பெண்ணை முதலாளி திட்டுகிறார், அவள் வேலையை விடுகிறாள். அவளுக்கு வேண்டியது வகுப்பு அல்ல, விலை குறைந்த ஒரு கண்ணாடி. சில மாணவர்கள் கண் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்வை சோதிக்கக் கற்றுக்கொண்டார்கள். சோதனைக்கு எழுத்து வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டை ஒன்று செய்தார்கள். கண்ணாடி போட்டும் தெளியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போன பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு தருவதாகக் கார்த்தி சொன்னான். சேவைக்காக வேலைக்கே போகாமல் இருந்துவிடட்டுமா என்றும் கேட்டான். டீச்சர் சொன்னார்: "உனக்கு மெஷின் நல்லா வருது. அதச் செய்யி. சம்பாதிச்சுக் குடுக்கறதும் இந்த வேலதான்." இப்போது அவன் ஓசூரில் இருக்கிறான். சொன்னபடி அனுப்புகிறான்.

கண்ணாடி கொடுத்த இடங்களுக்கு மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். போனால், பாதிப் பேர் போடவில்லை. ஒரு அம்மா பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவை மடிப்புக்குள் இருந்து கண்ணாடியை எடுத்துக் காட்டினாராம். "ஒடஞ்சு போச்சுன்னா மறுக்கா யாருங்க குடுப்பா? விசேசத்துக்குப் போட்டுக்கலாம்னு வெச்சிருக்கறேன்."

பாதிப் பேர் போடவில்லை என்பதைக் கல்லூரிக்குத் தரும் அறிக்கையில் எழுத வேண்டாம் என்று மாணவர்கள் கெஞ்சினார்கள். "அதுதான் மொத வரி," என்றார் டீச்சர். அதன் பிறகு கண்ணாடியோடு கழுத்துக் கயிறும் கொடுத்தார்கள். உடைந்தால் வேறு தருகிறோம் என்று சொல்லி, சொன்னபடி தந்தார்கள். பீரோவில் இருந்த கண்ணாடிகள் பட்டறைக்கு வந்தன.

ஒரு நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தரணி இன்னும் எனக்கு உட்கார்ந்து எழுத்துச் சொல்லித் தருகிறாளே, அந்த நேரத்துக்கு எத்தனை பேர் கண்ணைச் சோதிக்கலாம்? "டீச்சர், உங்க கணக்குல நான் தேற மாட்டேனுங்களே?"

"தேற மாட்டீங்கய்யா," என்றார். மழுப்பவே இல்லை. "உங்களுக்குச் சொல்லித் தர்றது உதவின்னு யாரு சொன்னா? அது சிநேகிதம். எல்லாத்தையும் கணக்குல போட்டா மனுசன் பைத்தியமாயிருவான்."

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ இலவசம்.

அடக்கத்துக்கு மறுநாள் எல்லோரும் பின்பெஞ்சில் கூடினார்கள். கார்த்தியும் வந்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் கண் சோதனை முகாம் என்று டீச்சர் இருக்கும்போதே முடிவாகியிருந்தது.

"நாலு ரோட்டுல ஒரு அஞ்சலி பேனர், காலேஜ் வாசல்ல ஒண்ணு. முகாமத் தள்ளி வெச்சுக்கலாம்," என்றான் கார்த்தி. "மேம் எறந்த வாரத்துலயே முகாமுக்குப் போனா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

நான் கார்த்தி பக்கம். "நல்லாப் பெருசா வெய்யி சாமி. நான் படிக்கோணும்."

"தள்ளி வெச்சா பரீட்சை வந்துரும். அப்புறம் லீவு, ஒருத்தரும் இருக்க மாட்டோம்," என்றாள் தரணி. "அந்தம்மாங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு வாரேன்னு சொல்லியிருக்காங்க."

கார்த்தி காலி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு அவனே கேட்டான்: "நாம பேனர் வெக்கலைன்னா என்ன ஆகும்?"

"டிபார்ட்மென்ட்ல ஏற்கெனவே ஆர்டர் குடுத்தாச்சு," என்றாள் தரணி.

"எருமப்பட்டிக்குப் போகலைன்னா?"

முகாமுக்கு யார் யார் வருவது என்று தரணி பெயர் எழுத ஆரம்பித்தாள். எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. "அவங்க பேரு எங்கயாச்சும் இருக்கோணுமல்ல கண்ணு? அந்த அட்டையில கடைசி வரியா நான் எழுதட்டா?"

தரணி யோசித்தாள். "கையால எழுதுனா அளவு மாறும் தாத்தா. சோதனை தப்பாயிரும். பிரின்ட் போட்டுக்கலாம்."

டீச்சர் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை டீ கேனோடு நானும் வண்டியில் ஏறினேன். நாலு ரோட்டில் டிபார்ட்மென்ட் வைத்த பேனர் தெரிந்தது. கண்ணாடி போடாமலே படித்துவிட்டேன்.

எருமப்பட்டிப் பள்ளி மரத்தடியில் வெங்காயம் ஆய்பவர்களும் தையல்காரப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அட்டையைப் பிடிக்கிற வேலையை எனக்குத் தந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் வரி வந்தது, அடுத்தது வந்தது, கடைசி வரி மட்டும் யாருக்கும் வரவில்லை. தரணி கண்ணாடியை மாட்டிவிடுவாள். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். பிறகு, நான் கூட்டுவது போலவே மெதுவாக, "கோ… ம… தி" என்று படிப்பார்கள்.

படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா அட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப எழுத்தெல்லாம் தனித்தனியாத் தெரியுதுங்க. கடைசி எழுத்துக்குத் தலையில கொக்கி. சரிதானுங்களே?"

"சரிதானுங்க," என்றேன்.

"யாருங்க இது, கோமதி?" என்று பின்னால் இருந்த பெண் கேட்டார். தரணிதான் சொன்னாள்: "எங்க மேமுங்க. அவங்கதான் எங்கள இங்க அனுப்பிச்சாங்க."

டீச்சர், பொழுது சாயும் வரை உங்கள் பெயரை அந்த மரத்தடியில் படித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தருக்கும் கண்ணாடி இல்லாமல் வரவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள். சர்க்கரை டப்பாவை இப்போது மூடித்தான் வைக்கிறேன்.