ஒரு பின் சீட்டுக்காக மூன்று வேக்குவம்

அடுத்தவர் காருக்குள் தலையை விட்டு, அவர்கள் தின்றதையும் சிந்தியதையும் உறிஞ்சி எடுப்பதுதான் என் தொழில். சீட்டுக்கு அடியில் என்ன கிடக்கிறதோ என்று குனிந்து பார்க்கவே பயப்படும் சக ஜீவன்களே, உங்களால்தான் என் அடுப்பு எரிகிறது. இருந்தாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே போடக் கூடாது என்று தெரிந்த நீங்கள், அதை சீட் இடுக்கில் செருகலாம் என்று யாரிடம் படித்தீர்கள்?

நானும் என் நாத்தனார் ஸ்டெல்லாவும் அதியமான்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, கார் இருக்கிற வீட்டுக்கே போய் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து கொடுப்போம். முன்பெல்லாம் கைத்துடைப்பமும் ஈரத்துணியும்தான். இண்டூர் முனிரத்தினம் அண்ணன் கூப்பிட்ட பிறகுதான் வேக்குவம் கிளீனர் தேடி அலைய ஆரம்பித்தேன். அவர் மகள் கவிதாவுக்குக் குறைமாதத்தில் பையன் பிறந்து, தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். நுரையீரல் இன்னும் தேறவில்லை, தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குக் கூட்டி வர இருந்ததோ அண்ணனின் கார். மாட்டுத் தீவன மூட்டை, வைக்கோல், செம்மண் எல்லாம் ஏறி இறங்கிய கார்.

வாடகைக் கார் எடுங்களேன் என்றால், "அதுல யார் யாரு போனாங்களோ" என்றார். டிஸ்சார்ஜுக்குள் முடித்துத் தருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். துடைப்பம் போட்டால் கிளம்புகிற தூசி மறுபடி அதே சீட்டில்தான் உட்காரும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

லைட்டர் ஓட்டையில் சொருகுவது

முதலில் வாங்கியது கையடக்கமான ஒன்று. காரில் சிகரெட் லைட்டர் ஓட்டை இருக்கிறதே, அதில் சொருகினால் ஓடும். வீட்டுக்காரரிடம் பிளக் கேட்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். எங்கள் ஊரிலேயே ஒரு வாத்தியார் வீட்டில் அழைத்தார்கள். மகள் நிச்சயதார்த்தத்துக்கு ராகு காலத்துக்கு முன்பே கிளம்ப வேண்டுமாம். நான்கு கதவையும் திறந்து வைத்தோம். ஸ்டெல்லா பாட்டை வேறு போட்டாள். இன்ஜின் ஓடாமல் இதெல்லாம் காரின் பேட்டரியைக் குடித்துவிடும் என்பது, வாத்தியார் வந்து சாவியைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

பட்டுப்புடவை கட்டிய பெண்கள் தாம்பூலத் தட்டை மதில் மேல் வைத்துவிட்டு வந்து காரைத் தள்ளினார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானும் தள்ளினேன். நல்லவேளை, இறக்கமான தெரு. முனை திரும்புவதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ராகு காலமும் தப்பியது. முந்தானையால் விசிறிக்கொண்டே உள்ளே ஏறிய வாத்தியார் மனைவி சொன்னார்: "வண்டி உள்ள பளபளன்னுதாங்க இருக்குது. நாங்கதான் வேர்த்து நாறிப் போயிட்டோம்."

தக்காளியும் விபூதியும்

அடுத்தது, ஈரத்தையும் சேர்த்து இழுக்கும் டிரம் மெஷின். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்காரர், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நன்றாகப் பழுத்ததைப் பின் சீட்டில் அடுக்கியிருக்கிறார். அது அங்கேயே நசுங்கி, விதையும் சாறுமாகக் காய்ந்திருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து இழுத்தேன். டிரம்மைத் திறந்தால் ரசம் மாதிரி இருந்தது. ஈரத்தை இழுக்கும்போது மெஷினுக்குள் இருக்கும் காகித ஃபில்டரைக் கழற்ற வேண்டும், கழற்றினேன். முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அதை மறந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகப் போனது, அப்போதுதான் பூஜை போட்ட புதுக்கார் இருந்த வீட்டுக்கு. டேஷ்போர்டிலிருந்து டிக்கி வரை விபூதி, குங்குமம், மஞ்சள் அரிசி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள், ஏறினேன். பிளக் இருந்த ஹால் வாசலில் டிரம்மை வைத்து சுவிட்சைப் போட்டேன். காரிலிருந்து இழுத்த விபூதியெல்லாம் டிரம்மின் பின்பக்க ஓட்டை வழியாக ஹாலுக்குள் பாய்ந்தது. டிவி, சோபா, சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், ஓடிப்போய் சுவிட்சை அணைத்த நான், எல்லாம் வெள்ளை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முனிரத்தினம் அண்ணன் காரில் இப்படி ஆகியிருந்தால்? இங்கேயே ஆனதே என்று கும்பிட்டுக்கொண்டேன். எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதற்கு முன்னால், இழுத்ததை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும். பெரியவர் நெற்றியைத் தடவிப் பார்த்து, "பரவால்லம்மா, கோயிலுக்குப் போவணும்னு இருந்தேன், வூட்லயே முடிஞ்சிருச்சு" என்றார்.

அன்று ஸ்டெல்லா வேலைக்கு வரவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். தலை முதல் கால் வரை சாம்பலாக வந்து நின்ற என்னைப் பார்த்து அவள் கேட்டாள்: "என்ன அண்ணி, சாம்பல் புதனுக்கு இன்னும் நாள் இருக்குதே, அதுக்குள்ள மொத்தமா பூசிட்டு வந்துட்டீங்க?"

கடைக்குக் கொண்டு போன அழுக்கு

மூன்றாவதைச் சோதிக்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். செம்மண் அப்பிய கார் மேட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தர்மபுரியில் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி, கண்ணாடி மாதிரி இருந்த டைல்ஸில் காகிதத் துண்டுகளைத் தூவி இழுத்துக் காட்டினார். காகிதத்தை என் வாயாலேயே ஊதிவிடுவேனே. நான் மேட்டை விரித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஒவ்வொரு மெஷினாக ஓட்டி, காற்று வெளியே வருகிற இடத்தில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தேன். ஒன்றில் செம்மண் சாயம் ஏறியது. இன்னொன்று சத்தத்திலேயே பயமுறுத்தியது. கைக்குட்டையில் கறை விழாத ஒன்றைக் கடைசியில் பிடித்தேன். சார்ஜில் ஓடுவது, கழற்றி மாற்ற இன்னொரு பேட்டரி, கழுவி மாட்டும் ஃபில்டர், சீட் இடுக்குக்குள் போகும் நீள மூக்கு. இத்தனை நேரமும் பொறுமையாக நின்ற தம்பி சொன்னார்: "அக்கா, டெஸ்ட்டு பத்தலன்னா சொல்லுங்க, வெளிய என் காரு நிக்குது, அதுலயும் பண்ணிப் பாத்துடலாம்."

ஷட்டவுன்

டிஸ்சார்ஜ் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. இண்டூரில் அன்றைக்குப் பார்த்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. டிரம் மெஷின் வாசலில் சும்மா கிடந்தது. லைட்டர் ஓட்டையில் சொருகுவதைத் தொடவே பயம், கார் பேட்டரி இறங்கினால் ஆஸ்பத்திரி வரை யார் தள்ளுவது? சார்ஜ் மெஷினின் இரண்டு பேட்டரியும் முழுக் காருக்குக் காணாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். எப்போதும் டிரைவர் சீட்டில்தான் ஆரம்பிப்போம், வண்டிக்காரர் கண் முதலில் போவது அங்கேதான். அன்று பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்து அதில் ஆரம்பித்தேன். தையலுக்குள் தையலாக வைக்கோல் வந்துகொண்டே இருந்தது. "ஆயிருச்சாம்மா? ஆஸ்பத்திரில கூப்புட்டுட்டே இருக்கறாங்க" என்று அண்ணன் வந்து வந்து நின்றார்.

ஒரு பேட்டரி பின் சீட்டுக்கே போய்விட்டது. அடுத்தது தரைக்கும், கூரைக்கும், ஏசி ஓட்டைகளுக்கும். டிரைவர் சீட்டில் பாதியில் மெஷின் முனகிக்கொண்டு நின்றது. மீதியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். பின் சீட்டைத் திரும்ப மாட்டி, ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூடப் படியவில்லை. அண்ணன் பறந்தார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம், சாப்பிடவும் தோன்றவில்லை. கார் வந்து நின்று பின் கதவு திறந்தபோது எனக்கு எழுந்திருக்கவே பயமாக இருந்தது. கவிதாவின் கையில் துணிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். தூங்கிக்கொண்டிருந்தான். மார்பு சீராக ஏறி இறங்கியது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதே நேரம் முன் கதவைத் திறந்து இறங்கிய முனிரத்தினம் அண்ணன், கேட் வரை ஓடிப்போய் அடுக்கடுக்காகத் தும்மினார். நாங்கள் பதறிப்போய்ப் பார்க்க, கவிதா சிரித்துவிட்டாள்: "இவன் ஒரு தும்மல் போடலீங்கக்கா. எங்கப்பாதான் வழியெல்லாம் மூக்கப் புடிச்சிக்கிட்டே வண்டி ஓட்டுனாரு."

ஆகவே, வேக்குவம் வாங்கப் போகிற சக ஜீவன்களே, கடையில் வாட்ஸையும் வாரண்டியையும் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் எந்த மெஷினும் கொஞ்சம் தூசியை விட்டுத்தான் வைக்கும் என்பதால், அது யார் மூக்கில் ஏறலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.