பூமிநாதன் எடுக்காத கல்யாணம்

காரைக்கால் பக்கம் அப்போதெல்லாம் மண்டபம் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பூமிநாதனிடம் நாள் கேட்டுவிடுவார்கள். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய வீடியோ கடைக்குப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் போட்டிருந்தவன் நான்.

பூமிநாதன் கிளிஞ்சல்மேடு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். கடலுக்குப் போகப் பிடிக்காமல் கோடம்பாக்கத்துக்கு ஓடிப்போய் லைட் தூக்கினான். கேமரா பக்கம் நகரப்போன நேரத்தில் மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பினான். சினிமா அவனை விட்டாலும் அவன் சினிமாவை விடவில்லை. கல்யாணப் பெண்ணைக் கடற்கரையில் ஸ்லோமோஷனில் நடக்கவிடுவான். மாப்பிள்ளை கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஃபைபர் படகின் முனையில் கையை விரித்து நிற்க வேண்டும். தினமும் மீன் கவிச்சியோடு ஏறி இறங்கும் அதே படகுதான். பிறகு திரையில் ஒரு தாமரை விரியும். உள்ளே இரண்டு முகங்களும் சுற்றும். மீனவக் குப்பங்களுக்கு மட்டுமல்ல, நெடுங்காட்டு விவசாயிகளுக்கும் அந்தத் தாமரை இல்லாமல் கல்யாணம் முடியாது.

மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். ஒரே மகள் பாரதி.

"ஊரான் வீட்டுப் பொண்ணையெல்லாம் கதாநாயகி ஆக்கிட்டேன். எம் பொண்ணு கல்யாணத்த நான் எடுக்குறப்பப் பாருங்க, அப்பத் தெரியும்" என்பான். வேறு எந்த ஆசையையும் அவனிடம் நான் கண்டதில்லை.

2004 டிசம்பர். மார்கழியில் முகூர்த்தம் ஏது? கேமரா சும்மா கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பனும் மகளும் டவுனில் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். கடல் ஊருக்குள் வந்து போன அன்று மதியம் பஞ்சாயத்துத் தலைவர் சுப்ராயன் கடைக்கு வந்தார். இடுப்பு வரை சேறு.

"பூமி, கேமராவ எடுத்துக்கிட்டு வாடா. இன்னைக்கே பொதைச்சாவணுங்குறாங்க. யாரு பெத்த புள்ளன்னு தெரியாமயே குழிக்குள்ள போவுதுங்க. மொகத்தையாச்சும் புடிச்சு வையி."

அவன் போனான். ஒவ்வொரு முகத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவினான். இமையில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் ஒற்றி எடுத்தான். கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்வானே, அதே நிதானம். அவர்களில் பல பேருடைய கல்யாணத்தை எடுத்தவனும் அவன்தான். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் டிவியை வைத்து அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினான். பிள்ளையைத் தேடி அலைந்தவர்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மீன் விற்கும் அஞ்சுகம் தன் மூத்த மகன் ராஜாவை அதில்தான் கண்டுபிடித்தாள். பூமிநாதனின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"எம் புள்ள மொகத்தக் கழுவி வுட்ட கையிண்ணே இது. இதுக்கு நான் என்ன செய்வேன்?"

ஊரே அவனைச் சாமி என்றது.

தை பிறந்தது. பெண்டாட்டியை இழந்தவன், புருஷனை இழந்தவள் என்று கடற்கரை முழுக்க அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. துக்கம், எளிமையாக முடிக்கிறார்கள் போல என்று இருந்தான். நாகப்பட்டினத்து வீடியோ வேன் கிளிஞ்சல்மேட்டுக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் சுப்ராயனிடம் போய்க் கேட்டான்.

"பொணத்தப் புடிச்ச கேமராடா. அதப் பொண்ணு முன்னால எப்புடிக் கொண்டாறது?" என்றார் சுப்ராயன்.

எடுத்துக்கொண்டு வா என்று சொன்ன அதே வாய்! பூமிநாதன் வந்து சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். பூமிநாதன் அறையவில்லை. அந்தக் கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடன்பட்டுப் புதிது வாங்கி, அம்மன் கோயிலில் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றிக் கொண்டுவந்தான். கேமரா புதிதுதான், ஆள் பழைய ஆள்தானே என்றார்கள். பேச்சு நெடுங்காடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் அவனுக்குச் சோறு போட்டது சாவுதான். டவுனில் பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கும் வீடுகள் உண்டு. அப்பா செத்தால் மகன் வந்து சேர முடியாது. சிடி போய்ச் சேரும். எப்படியும் பிணம் எடுப்பவன்தானே என்று அவனைக் கூப்பிட்டார்கள். குளிப்பாட்டுவதிலிருந்து கொள்ளி வரைக்கும் எடுத்தான். அந்தக் காசில்தான் பாரதி சாப்பிட்டாள், படித்தாள்.

2009இல் அஞ்சுகம் தன் இளைய மகன் சசிதரனுக்குப் பாரதியைக் கேட்டு வந்தாள். பூமிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையின் அருமை தெரிந்தவள், மகள் கல்யாணத்தைத் தான் எடுப்பதை அவள் தடுக்கமாட்டாள் என்று நம்பினான். நிச்சயத்தன்று தன் வீட்டில் தட்டு மாற்றியதும் அஞ்சுகம் அவனைத் தனியாக அழைத்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வீடியோவுக்கு நாகப்பட்டினத்துல சொல்லியாச்சு."

"நான் இருக்கறப்பவா? ஏம்மா?"

"நீங்க கேமராவத் தூக்குனா எனக்கு ராஜா மொகந்தான் தெரியுது. மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தந்தான்."

"அப்ப சம்பந்தமே வேணாம்" என்று சொல்லிவிட்டு பூமிநாதன் வீட்டுக்கு வந்துவிட்டான். சமாதானம் பேச நானும் பின்னால் போனேன். நிலைப்படியில் நின்ற பாரதியிடம் நடந்ததைச் சொல்லி, "நீ சொல்லும்மா. நீ சொல்றதுதான்" என்றான்.



"நீங்க எடுக்க வேணாம்ப்பா."

"அத்த சொன்னதுக்காகவா?"

"இல்லப்பா. எனக்கே பயமா இருக்கு."

எனக்கு வாய் துறுதுறுத்தது. யார் சாவில் வந்த சோற்றைத் தின்று வளர்ந்தாய் என்று கேட்டிருப்பேன். பூமிநாதன் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். சரிம்மா என்று மட்டும் சொன்னான்.

கல்யாணத்தன்று, மனைவி இல்லாதவன் என்பதால், தாரை வார்க்க அவன் தம்பியும் தம்பி மனைவியும் மேடையில் உட்கார்ந்தார்கள். பூமிநாதன் மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி என் பக்கத்தில் நின்றான். ஐயர் தாலியை எடுத்து நீட்டியபோது அவனுடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது. வலது கண்ணை இடுக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மேடையையே பார்த்தான். கையில் கேமரா இல்லை.

மேடையில் நின்ற அஞ்சுகம் அதைக் கண்டுவிட்டாள். அட்சதையைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, அப்புடிப் பாக்காதீங்கண்ணே. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், அப்புடிப் பாக்காதீங்க."

பூமிநாதன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். கெட்டிமேளம் கொட்டியது. மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவன் பார்க்கவில்லை.