அடுப்புக்கு முன்னால் அழகம்மா

ஆப்பச்சட்டியை எடுத்து ஒரு சுழற்று. மாவு ஓரமெல்லாம் ஏறும்போது, "ஏறுடி, இன்னுங் கொஞ்சம் ஏறு" என்று அழகம்மா அதைக் கொஞ்சுவாள். உக்குவளை ஸ்டேஷனுக்கு எதிரே அவள் கடை. ரயிலைப் பிடித்துக் கண்டியில் கந்தோர் உத்தியோகத்துக்கு ஓடுபவர்கள் அவசரப்படுத்தினாலும் மசியமாட்டாள். "அடுத்த ரயில்ல போங்க. அரைவேக்காட்ட நான் யாருக்கும் குடுக்கமாட்டேன்."

ஆப்பத்துக்கு அடியிலும் நெருப்பு, மூடியின் மேலும் சிரட்டைத் தணல். அந்த நெருப்பைத்தான் நான்கு வருடமாக அவளால் மூட்ட முடியாமல் இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் அவள் பழைய கடையைக் கொளுத்தினார்கள். பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு தப்பினாள். அன்றிலிருந்து நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே உடம்பு வெடவெடக்கும். கண்ணை மூடினால் கூரை எரியும். பக்கத்துப் பலசரக்குக் கடை ஜவாஹிர் நானாதான் தினமும் வந்து அடுப்பு மூட்டிக் கொடுப்பார். தணல் விழும்வரை அவள் தண்டவாளத்தோரம் முதுகைக் காட்டி நிற்பாள். நானாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கடைக்கும் பூட்டு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் புத்தளத்தில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாக அவர் சொன்னார்.

அலுவிகாரையில் நாட்டு வைத்தியம் பார்க்கும் வெதமாத்தயாவிடம் அவள் போனது அப்போதுதான். பட்ட பாட்டுக்குப் பிறகு ஒரு சிங்கள வைத்தியரின் முன்னால் போய் உட்கார அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! அவர் நாடி பார்த்தார். கதையை முழுக்கக் கேட்டார். ஏலமும் நெய்யும் மணக்கும் லேகியம் ஒரு போத்தல் கொடுத்தார். கஞ்சா சேர்ந்தது என்று மறைக்காமல் சொல்லி, அரசாங்க அனுமதிப் பத்திரத்தையும் காட்டினார். மாலையில் சுண்டைக்காயளவு, பாலோடு. அத்துடன், நானா நெருப்பு மூட்டும்போது தினம் ஓரடி கிட்ட வந்து நிற்க வேண்டும்.

முதல் வாரமே கூரை எரியாத தூக்கம் வந்தது. அந்தப் பூரிப்பில், கோயில் பிரசாதம் போல் இரண்டு கண்ணிலும் ஒற்றி, இன்னோர் உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் இரண்டு ரயில் போன பிறகுதான் விழித்தாள். மாவு பொங்கித் தரையில் ஓடியிருந்தது. இதைக் கேட்டதும் வைத்தியர் போத்தலைப் பறித்துக்கொண்டார். அதன்பின் வாரத்துக்கு ஏழே உருண்டைகள், வாழைச்சருகில் மடித்து.

ஊர் சும்மா இருக்குமா? "ஆப்பக்காரி கஞ்சா திங்கிறா" என்று கடையில் வைத்தே ஒரு போர்ட்டர் சிரித்தான்.

"ஆமா, திங்கிறேன். மருந்துக்குத் திங்கிறேன். நீ சாராயம் குடிக்கிறியே, அத எந்த வைத்தியர் எழுதிக் குடுத்தாரு?"

முட்டையாப்பத்தைத் தின்று முடிக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

புத்தளம் பஸ் ஏறுகிற அன்று, கடைசித் தடவையாக அடுப்பு மூட்ட வந்தார் நானா. கடைக்குள்ளிருந்து புகை. பதறிக்கொண்டு ஓடினார். அடுப்பு தானாக எரிகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் முகமெல்லாம் வியர்த்து, ஜெயித்தவளாக நின்றாள் அழகம்மா.

"யாரு தங்கச்சி பத்த வச்சது?"

"நாந்தான் நானா. மூணு குச்சி அணைஞ்சிருச்சு. நாலாவது புடிச்சிருச்சு."

நானா ஒரு பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவினார். அழகம்மா ஒரு குச்சியை உரசி அவர் முகத்தருகே நீட்டினாள். பீடி பற்றிய பிறகும், விரலைச் சுடும்வரை அவள் அந்தக் குச்சியை அணைக்கவில்லை.