கனத்த ஸ்டியரிங்

என் அக்காவை எங்கள் பகுதியில் ‘பிரேக் டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு காலை வைத்திருப்பாள். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட அந்தக் கால் தரையை அழுத்தும். மாமா அலுத்துக்கொள்வார்: “உங்கக்காகூட குடும்பம் நடத்தறதும் கார் கத்துக்கறதும் ஒண்ணுதான்டா. எப்ப பிரேக் விழும்னே தெரியாது.”

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்ததும், “போதும்மா, இனிமே வீட்ல நிம்மதியா இரு” என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா மசியவில்லை. கை சரியாகிவிட்டது என்று சாதித்து, மறுபடியும் வண்டியை எடுத்தாள்.

கொஞ்ச நாளில் அவள் முகமே சரியில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போனபோது, தண்ணீர் நிரப்பிய கேனை அந்தக் கையால் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “சும்மாதான்” என்று ஓரமாக வைத்தாள்.

பிறகு ஒருநாள் காலை, முன்னறிவிப்பில்லாமல் என் ஒர்க்‌ஷாப்புக்கே காரைக் கொண்டுவந்துவிட்டாள். அவளிடம் கார் ஓட்டப் பழகிய மருந்துக்கடைப் பெண் ஒருத்தி தன் அண்ணனின் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். “டீச்சர், அந்த வண்டியில ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்புது. நம்மது மட்டும் ஏன் மல்லுக்கு நிக்குது?” என்று கேட்டாளாம். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வேறு எந்த ஸ்டியரிங் தெரியும்? எல்லாக் காரும் இப்படித்தான் என்று நினைத்து, மூச்சைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள், பாவம்.

இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வயிற்றுவலிக்காரன் மாதிரி வண்டி முனகியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கனம் குறைந்தது. காலை எடுத்தால் மறுபடியும் கல்லாகிவிட்டது. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. எங்கும் ஒழுகவில்லை. ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்தேன். அளவு சரி, ஆனால் ஆயில் கறுத்துப்போயிருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுத் தொட்டுத் தேய்த்தால், ஜிகினாத் தூள் மாதிரி இரும்பு மின்னியது.

“பவர் ஸ்டியரிங் பம்பு தேஞ்சிருக்கும்னு தோணுதுக்கா. கழட்டிப் பார்த்தாதான் உறுதி. நீ வீட்டுக்குப் போ, போன் பண்றேன்.”

அவள் போகவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“பம்பு போனா கனக்குமாடா?”

“கனக்கும்.”

“ரொம்பவா?”

“மெதுவா போகும்போது ரொம்பவே.”

“நல்லா இருக்கற கைக்கும் கனக்குமா?”

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

“கை போயிடுச்சுன்னு நினைச்சேன்டா. பக்கத்து சீட்லேர்ந்து எட்டி ஒரு கையால திருப்புவேன்ல, அது முடியவே இல்ல. யார்கிட்டயும் மூச்சு விடல. இப்ப கத்துக்கறவங்களை முடிச்சு அனுப்பிட்டு, கடையை மூடிடலாம்னு இருந்தேன்.”

பம்பைக் கழற்றி, கழுவி, பிரித்தேன். உள்ளே சுழலும் சக்கரத்தின் பள்ளங்களில் சின்னச் சின்னத் தகடுகள் நிற்கும். வெளியே தள்ளிக்கொண்டு வந்து சுவரை உரசி ஆயிலை அழுத்துவது அவற்றின் வேலை. இதில் விளிம்புகள் மழுங்கிக் கிடந்தன. இரண்டு தகடுகள் பள்ளத்திலேயே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. சுற்றியிருக்கும் வளையத்தின் உள்சுவரில் வரிவரியாகக் கீறல். அந்த வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். நகத்தால் வருடிப் பார்த்தாள். நகம் தடுக்கியது.

“நல்லாத் தேஞ்சிருக்கா? நிச்சயமா?”

“சுத்தமா போச்சுக்கா.”

“அப்பாடா!”

பம்பு போச்சு என்று சொன்னால் முகம் தொங்கிப்போகிறவர்களைத்தான் இத்தனை காலமும் பார்த்திருக்கிறேன். அவளோ கிரீஸ் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

“ரொம்பக் குதிக்காதே. உன் கையும் நூத்துக்கு நூறு கிடையாது. பிசியோதெரபிக்குப் பாதியிலேயே டிமிக்கி கொடுத்தவ நீ” என்றேன். முறைத்தாள். ஆனாலும் அந்த வாரமே மாமாவோடு மறுபடி போக ஆரம்பித்தாள்.

குழாய்களைச் சுத்தம் செய்து, புது பம்பு மாட்டி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பிச் சிரித்தாள். “டயரைத் தேய்க்காதக்கா!” என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது. அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பக்கமிருந்து வந்த திட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த எனக்கே கேட்டது. கடைசியில் மகள் அழுதுவிட்டாள். “இனிமே உன்னைத் தனியா விட முடியாது. நானும் வண்டி கத்துக்கறேன், பக்கத்துலயே இருக்கேன்” என்றாள்.

சொன்னபடியே வந்தாள். முதல் நாள் தெருமுனை தாண்டுவதற்குள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. மகள் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு அக்காவுக்கு முன்பே வாசலில் நின்றவளும் அவள்தான்.