ஆன் செய்தவள் நான்

எண்ணூர் சாலையோரம் ஒரு லாரி எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறுவோமே தவிர, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதே இல்லை.

ஒருநாள் முதலாளியின் மைத்துனர் அதிலிருந்த வேண்டாத ஃபைல்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். "பூட்லோடர் ரெண்டு கீதும்மா. ஒண்ணு வேஸ்ட்டு, தூக்கிட்டேன்" என்றார். ஸ்விட்ச் போட்டதும் லினக்ஸை எழுப்பிவிடுவதே பூட்லோடர்தான். பயந்துபோய், "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கண்ணா" என்றேன்.

"அதான் ஓடிக்கினு கீதே, இன்னாத்துக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் என் ஷிப்டில் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸும் கைவிட்டது. கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். வெறும் கறுப்புத் திரை. அவர் தூக்கியது தேவையான பூட்லோடரை! வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. "இன்னாக்கா, கப்பல் பூட்ச்சுன்னா நீயா பதில் சொல்வே?" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

ஓடிவந்த முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "அவன் கை வெச்சி ஒரு வாரம் நல்லாத்தானே ஓடிச்சு? நீ ஆன் பண்ணதும்தானே பூட்ச்சு?" என்றார். மைத்துனரே வந்து சரிசெய்தார். அவருக்கு டீ வாங்கி வந்ததும் நான்தான்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் யார் கை வைத்தாலும், என் எதிரிலேயே அணைத்துப் போட்டுக் காட்டாமல் நாற்காலியைவிட்டு எழ விடுவதில்லை. முதலாளி அதைப் பெருமையாகவே சொல்கிறார்: "ஒருவாட்டி கெடுத்துச்சு இந்தப் பொண்ணு. அதான் இப்ப உஷாரா கீது."